சூனியக்காரிகளின் ஊர் – 9: கத்தியவர்களும் காது கொடுத்தவர்களும்

1692 செப்டம்பர் 22 அன்று மாசசூசெட்ஸின் சேலத்தில், சூனியம் செய்தார்கள் என்று ஒரே நாளில் எட்டுப் பேரைத் தூக்கில் போட்டதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அதுதான் கடைசித் தூக்கு. மொத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தூக்கிலேறியவர்கள் 19 பேர். அதில் பெண்கள் 14. விசாரணைக்கு உடன்பட மாட்டேன் என்று வாய் திறக்காமல் இருந்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரை மல்லாத்திப் படுக்க வைத்து, மேலே கற்களை அடுக்கிக் கொன்றது தனி. சிறையிலேயே குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கும் மேல். நம் மாம்பழச் சேலத்துக்கும் மாசசூசெட்ஸ் சேலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை, புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவைக்கிறேன்.

இந்த இதழில் தூக்குமரத்தை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போகலாம். இது ஏன் நடந்தது என்று முந்நூறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மோசடி என்றார்கள், மனநோய் என்றார்கள், கெட்டுப்போன ரொட்டி என்றார்கள், நிலத்தகராறு என்றார்கள், போர் என்றார்கள். இவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நெடுங்காலம் எல்லோருடைய கண்ணும், வலிப்பு வந்து இன்னார்தான் சூனியக்காரி என்று கத்திய பெண்பிள்ளைகள் மேலேயே இருந்தது. அந்தக் கத்தலைக் காகிதத்தில் எழுதி, பிடியாணை போட்டு, கயிறு வரைக்கும் கொண்டுபோன பெரிய மனிதர்கள் பக்கம் பார்வை திரும்ப வெகுகாலம் ஆயிற்று.

முதலில் எழுதியவர்கள் சம்பவத்தில் இருந்தவர்கள்தான். பக்கத்து ஊரான பெவர்லியின் போதகர் ஜான் ஹேல் தொடக்கத்தில் வழக்குகளுக்கு ஆதரவாக நின்றவர். தன் மனைவி பெயரும் பட்டியலில் அடிபட்ட பிறகு யோசிக்க ஆரம்பித்தார். 1697இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1702இல் அது அச்சானது. சூனியம் என்று ஒன்று கிடையாது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க நாம் கைக்கொண்ட முறை தப்பு என்றார். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய பேச்சு.

அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் சேலம் நகரத்தின் மூத்த போதகர் ஜான் ஹிகின்சன். இவரைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கணவன் கைவிட்டுப்போக, அப்பா வீட்டோடு இருந்த இவருடைய மகள் ஆன் டாலிவர் 1692 ஜூனில் சூனியக்காரி என்று கைதானாள். அந்தச் சமயம் இவருடைய மகன் நதானியேல் ஹிகின்சன் எங்கே இருந்தார் தெரியுமா? சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயர் அவர்தான். 1692 அக்டோபரில் எலிஹு யேலை இறக்கிவிட்டு அவரைக் கோட்டையின் தலைவராக உட்காரவைத்தார்கள். அதே அக்டோபர் கடைசியில்தான் மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் சேலத்தின் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். மகன் இங்கே கோட்டைக்கு அதிபதி, மகள் அங்கே சூனிய வழக்கில் கைதி.

ஹேலுக்கு அடுத்து பாஸ்டன் துணி வியாபாரி ராபர்ட் கேலஃப். 1700இல் லண்டனில் அச்சான அவருடைய புத்தகம் போதகர் காட்டன் மேதரை நேருக்கு நேர் சாடியது. பெரிய மனிதர்கள் மீதே பழி சொன்னவர் இவர். பின்னால் வந்தவர்கள் அந்த இழையை விட்டுவிட்டார்கள். 1767இல் தன் வரலாற்றின் இரண்டாம் பாகத்தை வெளியிட்ட தாமஸ் ஹட்சின்சன் மொத்தத்தையும் பெண்பிள்ளைகளின் ஏமாற்று வேலை என்று முடித்துவிட்டார்.

நூறு வருடம் கழித்து, 1867இல், சார்லஸ் அப்பம் இரண்டு பாகங்களில் சேலத்தின் கதையை எழுதினார். சேலத்திலேயே போதகராக இருந்தவர், ஊர் மேயராகவும் இருந்தவர். ஊர்ச்சண்டைகளையும் எல்லைத் தகராறுகளையும் தோண்டித் தோண்டி எழுதினார். 1692இல் யார் வீடு எங்கே இருந்தது என்று ஒரு வரைபடமும் சேர்த்தார். அவருடைய மகன் வரைந்தது. அந்த வரைபடம் பின்னால் ஒரு பெரிய சண்டைக்குக் காரணமாகப் போகிறது.

அப்பம் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு நல்லதல்ல. 1691 குளிர்காலத்தில் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் பெண்பிள்ளைகள் கூடி, அந்த வீட்டு அடிமைப் பெண் டிடுபா சொல்லிக்கொடுத்த மந்திர வித்தைகளைப் பழகினார்கள் என்ற காட்சியை எல்லோர் மனதிலும் பதித்தவர் அவர். 1692இன் ஆவணங்களில் அப்படி ஒரு கூட்டமே கிடையாது. ஒரு கண்ணாடிக் குவளையில் முட்டை வெள்ளைக்கருவை விட்டு, வரப்போகும் கணவன் என்ன தொழில் செய்பவன் என்று பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி ஹேல் எழுதியிருக்கிறார். அங்கே டிடுபா பெயரே இல்லை. பிள்ளைகளைப் பிடித்தது எது என்று கண்டறிய அவர்களுடைய மூத்திரத்தை ரை மாவில் பிசைந்து, சாம்பலில் சுட்டு நாய்க்குப் போட்ட கதையும் உண்டு. அந்த யோசனையைச் சொன்னவள் மேரி சிப்ளி என்ற பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண். சபையில் எல்லோர் முன்னும் அழுது மன்னிப்புக் கேட்டாள். அதாவது அது டிடுபா கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கரீபியத் தீவு மந்திரம் அல்ல; இங்கிலாந்துப் பாட்டி வைத்தியம்.

டிடுபாவை 1692இன் பதிவுகள் பூர்வகுடிப் பெண் என்றே குறிக்கின்றன. 1868இல் கவிஞர் லாங்ஃபெலோ தன் நாடகத்தில் அவளுக்கு ஒரு கறுப்பினத் தகப்பனைக் கொடுத்தார். ஆர்தர் மில்லரின் நாடகத்துக்கு வரும்போது அவள் முழு ஆப்பிரிக்கப் பெண். இந்த நிறமாற்றத்தைப் படிப்படியாகக் காட்டி 1974இல் சாட்விக் ஹேன்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஊரில் நடந்த அக்கிரமத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அடிமைப் பெண்ணைக் காரணமாக்குவது எவ்வளவு வசதி! பள்ளிப் பாடங்களில் இன்னும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

1949இல் மேரியன் ஸ்டார்கி பிள்ளைகளின் வலிப்பை ஃபிராய்டின் கண்ணால் பார்த்து எழுதினார். அடக்கி வைத்த ஆசைகள் உடம்பில் வெடித்தன என்பது சாரம். மில்லர் 1953இல் மேடையேற்றிய ‘தி குரூசிபிள்’ நாடகம் உலகப் புகழ் பெற்றது. மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சொல்ல அவருக்குச் சேலம் தேவைப்பட்டது. அது நாடகக்காரரின் உரிமை. ஆனால் நாடகத்தில் காதலர்களாக வரும் இருவரில் ஜான் பிராக்டருக்கு உண்மையில் அறுபது வயது, அபிகெய்லுக்குப் பதினொன்று. வரலாறு தெரிந்துகொள்ள நாடகத்துக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரொட்டிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1976இல் லிண்டா கேப்பரேல் என்ற ஆராய்ச்சி மாணவி ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கருத்தைச் சொன்னார். ரை தானியத்தில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். நம் ஊர்க் கம்பங்கதிரில் தேனொழுகல் நோய் கொண்டுவரும் பூஞ்சைக்குப் பங்காளி அது. அந்த மாவைத் தின்றால் வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வந்தது அதுதான் என்றார். அதே வருடக் கடைசியில் அதே இதழில் ஸ்பேனோஸ், காட்லீப் என்ற இருவர் இதை மறுத்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் பார்த்ததும் விழுந்து, அவள் கையைத் தொட்டதும் எழுந்து உட்காருவது எந்தப் பூஞ்சையின் வேலை? ஒரே அடுப்பு, ஒரே ரொட்டி என்றிருந்த வீட்டில் மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இவற்றுக்குத் திருப்தியான பதில் வரவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் இந்தக் கதையை விடுவதாக இல்லை.

1974க்கு வருவோம். அதுவரை வந்தவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிய புத்தகம் பால் போயரும் ஸ்டீபன் நிசன்பாமும் சேர்ந்து எழுதியது. அவர்கள் பேயை விட்டுவிட்டு வரிப் புத்தகத்தையும் உயில்களையும் கையில் எடுத்தார்கள். அப்பம் வரைபடத்தின் மேல் ஒவ்வொரு வீடாகக் குறித்தார்கள். சேலம் கிராம எல்லைக்குள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர். அவர்களில் 12 பேர் கிழக்குப் பகுதி. எதிராகச் சாட்சி சொன்ன பெரியவர்கள் 32 பேர். 30 பேர் மேற்கு. சாட்டப்பட்டவர்களுக்காகப் பேசியவர்கள், வழக்கை நம்பாதவர்கள் 29 பேர். 24 பேர் கிழக்கு. நடுவில் ஒரு கோடு போட்டால் ஊர் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. கிழக்கே, துறைமுகமான சேலம் நகரத்தோடு வியாபார உறவு வைத்துச் செழித்த போர்ட்டர் குடும்பத்தின் பக்கம். மேற்கே நிலம் பாகம் பிரிந்து பிரிந்து நொடித்துக்கொண்டிருந்த பட்னம் குடும்பத்தின் பக்கம். நடுவே போதகர் பாரிஸ். பார்படாஸ் தொடர்புள்ள வியாபாரம் கைகொடுக்காமல் போதகரானவர். சம்பளத்துக்கும் அடுப்பு விறகுக்கும் ஊரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். அவருக்குச் சம்பளம் தர வரி வசூலிக்க மாட்டோம் என்று 1691 அக்டோபரில் ஊர்க்கமிட்டி கைவிரித்த மூன்று மாதத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகள் உளற ஆரம்பித்தார்கள்.

படித்தவர்கள் அசந்துபோனார்கள். கிராமத்து வாய்க்கால் வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்த விளக்கம் சட்டென்று பிடிபடும். எனக்கும் இன்றுவரை அந்தப் புத்தகம் பிடிக்கும். ஆனால் 2008இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ரே அந்த வரைபடத்தை மறுபடி வீடு வீடாகச் சரிபார்த்தார். சில பெயர்கள் விட்டுப்போயிருந்தன. சில வீடுகள் இடம் மாறியிருந்தன. வலிப்பு வந்த பெண்பிள்ளைகளையே அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கிழக்கு மேற்கு என்று பிரித்த அந்தக் கோடு போட்ட இடமே கேள்விக்குரியது. எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தால் சாட்டியவர்களும் சாட்டப்பட்டவர்களும் ஊர் முழுக்கக் கலந்து கிடக்கிறார்கள். போயரும் நிசன்பாமும் அதே இதழிலேயே பதில் எழுதினார்கள். வரைபடம் போனாலும் ஊருக்குள் இருந்த கட்சி கட்டல் போகாது என்பது உண்மை. அதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சேலம் கிராமத்தைவிட வேறோர் ஊரான ஆண்டோவரில்தான் அதிகம். பட்னமும் போர்ட்டரும் சண்டை போட்டால் ஆண்டோவர்காரர்கள் ஏன் சிறைக்குப் போக வேண்டும்?

கேரல் கார்ல்சன் 1987இல் வேறு கோணத்தில் வந்தார். நியூ இங்கிலாந்தில் சூனியக்காரி என்று பெயர் வாங்கிய பெண்களில் பலர் அண்ணன் தம்பியோ ஆண் பிள்ளையோ இல்லாதவர்கள். சொத்து அவர்கள் கைக்கே வந்தது அல்லது வரவிருந்தது என்று காட்டினார். பெண் கைக்குப் போகும் நிலம் ஆண்களின் கண்ணை உறுத்தியது என்கிறார். பல வழக்குகளுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. நாலு மகன்களைப் பெற்ற ரெபேக்கா நர்ஸுக்குப் பொருந்தவில்லை.

இப்போது கத்தியவர்களை விட்டுக் காது கொடுத்தவர்களிடம் வருவோம். 1692க்கு முன்னால் நியூ இங்கிலாந்தில் ஏறக்குறைய நூறு பேர் மீது சூனியக் குற்றச்சாட்டு எழுந்தது. தூக்கில் போடப்பட்டவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். பெரும்பாலும் நீதிபதிகள் நம்பவில்லை, ஆதாரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். ஜான் டீமோஸ் 1982இல் எழுதிய புத்தகத்தில் எலிசபெத் நாப் என்ற பெண்ணைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. 1671, குரோட்டன் ஊர். போதகர் சாமுவேல் வில்லர்ட் வீட்டு வேலைக்காரி, வயது பதினாறு. வலிப்பு வந்து நாக்கு வெளியே தள்ளி, ஆண் குரலில் வில்லர்டையே திட்டினாள். இன்னார்தான் காரணம் என்று ஒருத்தியைக் கைகாட்டவும் செய்தாள். வில்லர்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார், நடந்ததைக் குறிப்பெடுத்தார், அவள் சொன்ன பெயரை நம்பி யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை.

இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? அதே 1692இல் கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் கேத்தரின் பிரான்ச் என்ற வேலைக்காரிக்கு அதே வலிப்பு, அதே கத்தல். இரண்டு பெண்கள் வழக்கு மன்றம் வரை போனார்கள். ஒருத்தி விடுதலை. மற்றவளுக்குத் தண்டனை விதித்தாலும் மேலிடம் தலையிட்டு உயிரைக் காப்பாற்றியது. இந்த வழக்கை 2005இல் ரிச்சர்ட் காட்பீர் சிறு புத்தகமாக எழுதியிருக்கிறார். சேலத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் சேலத்தின் நீதிபதிகளுக்கு என்ன வந்தது? இதற்குப் பதில் தேடியவர் மேரி பெத் நார்டன். 2002இல் வந்த அவருடைய புத்தகம் சம்பவங்களை நாள் வாரியாக அடுக்கிப் பார்க்கிறது. அப்படி அடுக்கியதும் வடக்கே மெயின் எல்லையில் நடந்துகொண்டிருந்த போர் உள்ளே வருகிறது. பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளும் சேர்ந்து ஆங்கிலேயக் குடியிருப்புகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். 1692 ஜனவரியில், பாரிஸ் வீட்டில் பிள்ளைகள் உளற ஆரம்பித்த அதே மாதம், யார்க் ஊர் தாக்கப்பட்டு ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். கத்தியவர்களில் ஒருத்தியான, பட்னம் வீட்டு வேலைக்காரி மெர்சி லூயிஸ் அந்த எல்லையில் குடும்பத்தைப் பறிகொடுத்த அநாதை. ஒரு காலத்தில் போதகர் ஜார்ஜ் பரோஸ் வீட்டில் வேலை பார்த்தவள். சூனியக்காரர்களின் தலைவன் என்று மெயினிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது அந்த பரோஸைத்தான். பிள்ளைகள் கண்ட சாத்தான் கறுப்பாக, பூர்வகுடி ஜாடையில் இருந்தான்.

நீதிபதிகள் பக்கம் நார்டன் காட்டுவது இதைவிடக் கனமானது. விசாரணை நடத்திய ஜான் ஹேதார்ன், ஜானதன் கார்வின் இருவரும் 1690 வசந்தத்தில் அந்த எல்லைக்குப் போய் நிலைமையைப் பார்த்து வந்தவர்கள். அங்கே ஃபால்மத் கோட்டையிலிருந்து படையை விலக்கிக்கொண்ட சில நாளில், மே 20 அன்று, கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். அதே வருடம் ஃபிப்ஸ் தலைமையில் கியூபெக் மீது போன படை தோற்றுத் திரும்பியது. இத்தனைக்கும் காரணம் சாத்தான் என்றால் இவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமென்றே சதி செய்தார்கள் என்று நார்டன் சொல்லவில்லை. நம்ப விரும்பினார்கள் என்கிறார். எனக்கு இது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. போர் பயத்தால் மட்டும் ஆண்டோவரை விளக்க முடியாது என்று ஆட்சேபிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உருவச் சாட்சியம் செல்லாது என்று 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் சொன்ன உடனே வழக்குகள் சரிந்தன. மூவருக்குத்தான் தண்டனை, அவர்களையும் தூக்கில் போடவில்லை. “அவள் உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது” என்பதை முதல் நீதிமன்றம் சாட்சியமாக எழுதிக்கொண்டது. இரண்டாவது நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்தது. நடுவில் மாறியது இது ஒன்றுதான்.

ரெபேக்கா நர்ஸ் வழக்கை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். 71 வயதுக் கிழவி, காது மந்தம். நல்லவள் என்று 39 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஜூரிகள் கலந்து பேசி, குற்றவாளி அல்ல என்றே முதலில் சொன்னார்கள். பிள்ளைகள் அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டாட்டன் ஜூரிகளைக் கூப்பிட்டு, இன்னொரு கைதியைப் பார்த்துக் கிழவி இவள் எங்களில் ஒருத்தி என்று சொன்னாளே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் திரும்பி வந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கிழவியிடமே கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். ஜூரிகள் தீர்ப்பை மாற்றினார்கள். கேள்வியே காதில் விழவில்லை, துக்கத்தில் இருந்தேன், எங்களோடு சிறையில் இருந்தவள் என்ற பொருளில்தான் சொன்னேன் என்று அவள் பின்னால் எழுதிக்கொடுத்தாள். கேலஃப் அதைத் தன் புத்தகத்தில் சேர்த்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. ஜூலை 19 அன்று தூக்கு. இங்கே கத்தியவர்கள் சிறுமிகள்தான். ஜூரியைத் திருப்பி அனுப்பியவர் ஸ்டாட்டன்.

நீதிபதிகளில் சாமுவேல் சூவல் மட்டும் 1697 ஜனவரியில் பாஸ்டன் ஆலயத்தில் எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டார். அவர் எழுதிக்கொடுத்ததைச் சபைக்கு வாசித்த போதகர், குரோட்டனில் நாபைப் பார்த்துக்கொண்ட அதே வில்லர்ட். ஸ்டாட்டன் 1701இல் சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2009இல் பெர்னார்ட் ரோசன்தால் தலைமையில் ஒரு குழு மிச்சமிருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் பதிப்பித்தது. சிறப்பு நீதிமன்றத்தின் பதிவுப் புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. இருப்பவை பிராதுகள், முதல் விசாரணைக் குறிப்புகள், வாக்குமூலங்கள். இந்தக் குழுவில் மொழியியல் ஆட்களும் இருந்தார்கள். ஒவ்வொரு காகிதமும் யார் கையெழுத்து என்று ஒப்பிட்டார்கள். பல முதல் விசாரணைக் குறிப்புகள் போதகர் பாரிஸ் கையால் எழுதியவை. வாக்குமூலங்களில் நூற்றுக்கும் மேல் தாமஸ் பட்னம் எழுதியவை. வேறு வேறு பெண்கள் சொன்னதாக உள்ள தாள்களில் ஒரே வாசகங்கள் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பது இதிலிருந்து புரிகிறது. கத்தியவர்களில் ஒருத்தியான அவருடைய மகள் ஆன் பட்னத்துக்கு 1692இல் பன்னிரண்டு வயது. அவள் பெயரில் இருக்கும் வாக்குமூலங்கள் பல அப்பா கையெழுத்தில்தான் இருக்கின்றன. 1706இல் அவள் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். தாமஸ் பட்னம் அதற்கு ஏழு வருடம் முன்பே இறந்திருந்தார்.

அடுத்த இதழில்: 1711இல் மாசசூசெட்ஸ் அரசு ஒதுக்கிய 578 பவுன் இழப்பீடு, யாருக்குப் போனது, யாரை விட்டது.

(தொடரும்)